ஊசி அவனுக்கு மட்டும் போதுமாம்!

போன மாதக் கடைசியில் தம்பின் டவுனுக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றுக்கு, ஒரு வீட்டுப் பூஜைக்குப் போயிருந்தேன். சாப்பாடு பிரமாதம். ஆனால் பாதி இலையிலேயே எழுந்துவிட்டேன். கோபம் இன்னும் ஆறவில்லை... வார்த்தை கொஞ்சம் முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழைத்தவர் பரமேஸ்வரி. செனாவாங் ஊரில் எனக்குப் பக்கத்து வீடு, தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. தன் தம்பி சிவாவுக்கு ஒரு கிட்னியைக் கொடுத்தவர். பூஜையே அதற்குத்தான். தம்பி பிழைத்து எழுந்து மறுபடி வேலைக்குப் போகிறானே, அதற்கு நன்றி சொல்ல. நடத்தியவர் இவர்களுடைய மூத்த அண்ணன். அதே எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டும் ஆட்களை மேய்க்கும் மண்டோர்.

தீபாராதனை முடிந்தது. மாஸ்க் போட்டிருந்த சிவா, குனிந்து அண்ணன் காலைத் தொட்டான். அண்ணன் பாசத்தோடு தூக்கி நிறுத்தினார். மாஸ்க்கைத் தாடைக்கு இழுத்துவிட்டார். நெற்றி நிறைய விபூதி பூசி, கண்ணில் விழாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு... ‘ஃபூ’ என்று ஊதினார்.

நம் வீடுகளில் பெரியவர்கள் எல்லாரும் செய்வதுதானே, இதில் என்ன என்கிறீர்களா? அண்ணனுக்கு இரண்டு மூன்று நாளாக விடாத இருமல். ஊதி முடித்த கையோடு ஒரு இருமு இருமினார் பாருங்கள், முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தை மிரண்டு அழுதது.

பரமேஸ்வரி ஓடி வந்தார். “என்னாண்ணே இது! இருமல் இருந்தா அவன் பக்கத்துல போகாதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?”

“அட, என்னா நீ... அவன்தான் எல்லா ஊசியும் போட்டுட்டான்லா! அப்புறம் என்னா பயம்?”

சுற்றி நின்றவர்கள் ‘அதானே’ என்று தலையாட்டினார்கள். அங்கேதான் எனக்கு ஏறியது.

சிவா காலையும் இரவும் மாத்திரை சாப்பிடுகிறான். ஏன்? அக்காவின் கிட்னியே ஆனாலும் அவன் உடம்புக்கு அது வேற்றாள். உடம்பின் காவல்காரர்கள் அதை அடித்து விரட்டப் பார்ப்பார்கள். அவர்களை அடக்கி வைக்கத்தான் மாத்திரை. ஆயுசுக்கும் நிறுத்தக்கூடாது. சரி, தடுப்பூசி போட்டால் அதைப் பார்த்து எதிர்ப்புச் சக்தியைத் தயார் பண்ண வேண்டியவர்கள் யார்? அதே காவல்காரர்கள்தான்! அடங்கிக் கிடப்பவர்கள் என்னத்தைத் தயார் பண்ணுவார்கள்? உங்களுக்கும் எனக்கும் நன்றாகப் பலன் தரும் ஊசி, சிவா மாதிரி ஆட்களுக்குக் குறைவாகத்தான் தரும். சிலருக்கு ஒன்றுமே தராமலும் போகலாம்.

அதற்காக அவனுக்கு ஊசியே வேண்டாம் என்று அர்த்தமில்லை. கிடைக்கிற கொஞ்சமும் அவனுக்குப் பெரிது. ஆனால் அதை மட்டும் நம்பி அவன் முகத்தில் ஊதலாமா?

பந்தியில் ஒரு மாமா, டீச்சரான எனக்கே பாடம் எடுத்தார். “ஒரு வாரம் மருந்த நிறுத்திட்டு ஊசி போட்டா நல்லா புடிக்கும்லா.” எந்த வாட்ஸ்அப் பல்கலைக்கழகத்தில் படித்தாரோ! நிறுத்தினால் கிட்னி போய்விடும் ஐயா. நான் எழுந்து கை கழுவப் போனது அப்போதுதான்.

டாக்டர் ஆரம்பத்திலேயே வழி சொல்லியிருக்கிறார். சிவாவோடு பழகுகிற குடும்பத்தார் எல்லாரும் வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள், சளி இருமல் என்றால் தள்ளியிருங்கள் — அவ்வளவுதான். பரமேஸ்வரி அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகவே போட்டார். கட்டைவிரல் வந்தது, கும்பிடு வந்தது, சிவப்பு சிவப்பாக இதயம் வந்தது. ஊசி போட ஒருவர்கூடப் போகவில்லை. லீவு இல்லையாம்... போட்டால் காய்ச்சல் வருமாம்... அண்ணன் சொன்னதுதான் உச்சம்.

“நோவு அவனுக்கு. ஊசி எனக்கா?”

சிரிக்காதீர்கள். இந்த அண்ணன் தைப்பூசத்துக்குக் கன்னத்தில் அலகு குத்திக் காவடி எடுக்கிறவர். கையில் ஒரு சின்ன ஊசி என்றதும் வேலை வந்துவிடுகிறது! ஆப்பரேஷன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுத கூட்டமும் இதுதான். அழுதது பொய்யில்லை, நானே பார்த்தேன். தம்பிக்காக மொட்டை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள். சாமிக்கு நேர்ந்துகொண்டதையெல்லாம் செய்தார்கள். டாக்டர் கேட்ட ஒன்றை மட்டும் செய்யவில்லை. இதற்குப் பெயர் பாசமா? எனக்குப் புரியவில்லை.

பூஜை முடிந்த சில நாளில் சிவாவுக்குக் காய்ச்சல். பரிசோதித்தார்கள் — ஃப்ளூதான். வார்டில் படுக்க வைத்தார்கள். நுரையீரலில் சளி கட்டிவிட்டது. கிருமியோடு உடம்பு சண்டை போட வேண்டுமானால் அந்த மாத்திரையைக் குறைக்க வேண்டும். ரொம்பக் குறைத்தால் கிட்னிக்கு ஆபத்து. டாக்டர்கள் தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். பரமேஸ்வரி வார்டு வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தழும்பு இருக்கிற பக்கம்.

“உசுரும் பொழைக்கணும், கிட்னியும் தங்கணும் டீச்சர். எத மொதல்ல வேண்டிக்கிறதுன்னே தெரியல” என்றார்.

சிவா வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் கிட்னி முன்பு போல வேலை செய்யவில்லை. பொறுத்துப் பார்ப்போம் என்கிறார் டாக்டர். காய்ச்சல் அண்ணனிடமிருந்துதான் வந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், வேறு எங்கிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் இருமலோடு ஊதியது யார்?

முந்தாநாள் பரமேஸ்வரி வீட்டில் இருந்தேன். அண்ணனிடமிருந்து போன். ஸ்பீக்கரில் அவர் அழுவது கேட்டது.

“நீ அன்னிக்கு அவசரப்படாம இருந்திருந்தா, நானே என் கிட்னிய கொடுத்திருப்பேன்மா!”

பரமேஸ்வரி குரலை உயர்த்தவேயில்லை. “உங்க கிட்னி உங்ககிட்டயே இருக்கட்டும்ணே. கிளினிக் போயி ஒரு ஊசி போட்டுட்டு வாங்க, அது போதும்.”

“பாக்கிறேன்மா” என்றார் அண்ணன்.

இன்னும் போகவில்லை. கிளினிக் தூரமோ என்று நினைக்காதீர்கள். தம்பின் மார்க்கெட்டுக்கு எதிரேதான் இருக்கிறது, ஞாயிறு தவறாமல் மீன் வாங்க அங்கேதான் வருகிறார்!