விண்டோவுக்குப் பின்னால் போன மஞ்சள் பெட்டி

கிள்ளானில் ஒரு கிளினிக்கின் பதிவுக் கவுண்டரில் வேலை செய்கிறேன். வெறும் வயிற்றோடு இரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் வாசல் மெஷினில் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, செருகிவிட்டு உட்கார்ந்தால் போதும். அவர்கள் பெயர் என் திரையின் ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் பெட்டியில் வரும். எந்த விண்டோவைத் திறந்தாலும் பெட்டி மேலேயே நிற்கும். அவர்களைத்தான் முதலில் உள்ளே அனுப்புவேன்.

படிவத்தில் ஐசி எண் அடிக்கும் இடத்தை அந்தப் பெட்டி மறைக்கிறது என்று புகார் சொன்னது நான்தான். ஒத்துக்கொள்கிறேன். கணினி பார்க்கிற ஆள் வந்து இரண்டு நிமிடம் தட்டினார். "சரி பண்ணிட்டேன் அக்கா, இனி மறைக்காது லா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேறு மூலைக்கு நகர்த்தியிருப்பார் என்று நினைத்தேன். மறுநாள் காலை பெட்டியைக் காணோம். இன்றைக்கு வெறும் வயிற்றுக்காரர்கள் யாரும் இல்லை போலிருக்கிறது என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

பதினோரு மணிக்கு ஒரு அங்கிள் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். சர்க்கரை நோயாளி. தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து பஸ் ஏறி வந்து, எட்டு மணியிலிருந்து பட்டினியாக உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் ஓடி வந்து குளுக்கோஸ் கொடுத்தார். இனி இரத்தம் எடுக்க அவர் இன்னொரு நாள் மறுபடியும் பட்டினியோடு வர வேண்டும்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அந்தக் கணினி ஆளுக்குப் போன் போட்டேன்.

"பெட்டிய என்னா பண்ணீங்க?"

"அங்கதான் அக்கா இருக்கு. எல்லா விண்டோவுக்கும் பின்னால வச்சிருக்கேன். மினிமைஸ் பண்ணிப் பாருங்க."

பண்ணினேன். வால்பேப்பர் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது, அங்கிளின் பெயரோடு. இருக்கிறதாம்! காலையில் படிவத்தைத் திரை முழுக்கத் திறந்தால் கிளினிக்கைச் சாத்தும்போதுதான் மூடுகிறோம். நடுவில் வால்பேப்பரை யார் பார்ப்பது? மறைக்காதே என்றால் ஒளித்து வைப்பதா? கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா? வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத்தான் போனை வைத்தேன்.

சீனி போட்ட தே ஓ, பாலில்லாத டீ, வாங்கிக்கொண்டு அங்கிளிடம் போனேன். அப்போதும் கோபம் அடங்கவில்லை. "சாரி அங்கிள், அந்த ஆளு பண்ண வேல. உங்க பேரு எனக்கு கம்ப்யூட்டர்ல தெரியவே இல்ல."

அவர் இரண்டு கையாலும் கப்பை வாங்கிக்கொண்டார். குரலில் துளியும் கோபமில்லை.

"பரவால்லம்மா. நான் உங்களுக்கு நேர் எதிர்லதான் உக்காந்திருந்தேன்."