மருந்துத் தண்ணீர்த் தொட்டி இல்லாத பண்ணை

கழுத்தில் தொங்கிய மாநாட்டு அட்டையைக் கழற்றக்கூட மறந்து, சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து புது பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் ஒரு கோழிப்பண்ணைக்காரர் திட்டிக்கொண்டே வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். நான் வேகமாக நடந்தால் அவரும் வேகமாக நடந்தார்.

"கண்ணுல பாக்காததைய எதுக்குங்க பார்த்தேன்னு எழுதோணும்?"

அவர் கேட்டது சரி.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். போர்வெல் லாரியில் மூன்று வருஷம் வடக்கே திரிந்தேன். பிறகு நாமக்கல் பக்கம் ஒரு பண்ணையில் கோழிக்குத் தீவனம் போட்டேன். ஒரு லாட்ஜில் காய்ச்சலாகக் கிடந்தபோது கைபேசியில் எழுதத் தொடங்கியது வலைப்பூவாக நீண்டது. தொழில்முனைவோர் மாநாடு, புதுத் தொழில்நுட்பக் கூட்டம் என்று சேலத்தில் எது நடந்தாலும் வலைப்பதிவர் என்றால் உள்ளே விடுவார்கள். மதியச் சாப்பாடு நிச்சயம். ஒரு துணிப்பை தருவார்கள். அதற்குள் அவர்களே எழுதிவைத்த செய்திக்குறிப்பு இருக்கும்.

அந்தக் கூட்டங்களை நான் நம்பியதே இல்லை. முன்வரிசையில் கை தட்டுகிறவர்கள் எல்லாக் கூட்டத்திலும் அதே ஆட்கள். மேடையில் நிற்பவர் தான் தோற்ற கதையைச் சொல்லும்போது எந்த இடத்தில் குரல் கம்மும் என்று எனக்குத் தெரியும். போன தடவையும் அங்கேதான் கம்மியது. ஆனால் நான் எழுதியதில் இந்தச் சந்தேகம் எதுவும் இருக்காது. இருந்தால் அடுத்த தடவை அட்டை கிடைக்காது.

அப்படித்தான் மூன்று மாதத்துக்கு முன் அந்தக் கருவியைப் பற்றி எழுதினேன். ஷெட்டில் தொங்கவிட்டால் கோழிகள் கத்துவதைக் கேட்டு, நோய் வருவதை முன்கூட்டியே கைபேசியில் சொல்லுமாம். செய்திக்குறிப்பைத்தான் மாற்றி எழுதினேன். சுவாரசியத்துக்காக, 'நேரில் பார்த்தேன்' என்று ஒரு வரி சேர்த்தேன்.

அதே நிறுவனம்தான் இன்றும் மேடையில் இருந்தது. சாப்பாட்டு வரிசையில் இந்தப் பண்ணைக்காரர் வந்து பேசினார்.

"ஏனுங்க, அந்தக் கோழி மிஷினைப் பத்தி எழுதுனது நீங்கதானுங்களே? அதையப் படிச்சுப்போட்டுத்தான் வந்தனுங்க. போன வருஷம் ஒரு ஷெட்டு மொத்தமும் சீக்குல போச்சு. இந்தத் தடவையும் போச்சுன்னா தொழிலையே உட்ருவேன்."

சாப்பாட்டுக்குப் பிறகு மேடையேறி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போவதாகச் சொன்னார். கருவியைப் பார்க்க நிறுவனத்து ஆட்கள் நினைத்த நேரத்தில் ஷெட்டுக்குள் வரலாம் என்று அதில் இருந்தது. பாதிச் சோற்றோடு தட்டை வைத்துவிட்டு எழுந்தேன்.

பிற்பகலில் திரையில், சேந்தமங்கலம் பக்கத்துப் பண்ணையிலிருந்து நேரலை என்றார்கள். காரிலிருந்து நான்கு பேர் இறங்கி, ஷூவோடு நேரே ஷெட்டுக்குள் போனார்கள். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இல்லை. இந்தப் பக்கம் பண்ணை முதலாளியின் மச்சானே வந்தாலும் அந்தத் தண்ணீரில் காலை நனைக்காமல் உள்ளே போக முடியாது. வேறு பண்ணைச் சீக்கு காலில் ஒட்டிக்கொண்டு வரும்.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். "அந்தப் பண்ணையில கால் நனைக்கிற தொட்டி எங்கீங்க?"

சிலர் சிரித்தார்கள். "அருமையான கேள்வி" என்றார் நிறுவனர். அடுத்த கேள்விக்குப் போனார். ஒலிவாங்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

பண்ணைக்காரர் பேனாவோடு என்னிடம் வந்தார். "நானுந்தான் பார்த்தனுங்க. ஷூவோட உடறாங்கன்னா அது நாளைக்கே வித்துக் கழிக்கிற கோழியா இருக்கும், சீக்கு வந்தாலும் அவங்களுக்கு நட்டமில்லை. ஆனா நீங்க நேர்ல பார்த்து எழுதியிருக்கீங்களேன்னு பேசாம இருந்தேன். பார்த்தீங்கல்ல?"

"இல்லீங்க. பாக்கலை."

அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். அவர் போய்விட்டார் என்று நினைத்து நானும் கிளம்பினேன். வாசல் தாண்டியதும் பின்னால் குரல் கேட்டது.

பஸ் ஸ்டாண்டு வரும்வரை திட்டு ஓயவில்லை. அதற்குள் கைபேசியில் செய்தி வந்திருந்தது. இனி அழைப்பு இல்லை என்று ஏற்பாட்டாளர்கள் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

"கோழியைப் பத்தி உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் பண்ணைக்காரர்.

தீவனம் போட்ட கதையைச் சொன்னேன்.

"இதாவது நெசமா?"

"நெசந்தானுங்க."

"எங்க ஷெட்டுல கோழி எருவு அள்ள ஆளில்லை. காலையில ஆறு மணிக்கு வாங்க. ரெண்டே நாள்ல தெரிஞ்சு போயிரும், நெசமா பொய்யான்னு."

இரக்கப்பட்டுக் கூப்பிடுகிறாரா, பழிவாங்கவா என்று எனக்குப் புரியவில்லை. இன்னும் புரியவில்லை.

அவர் சொன்ன வழியைப் பிடித்து மறுநாள் ஆறு மணிக்குப் போனேன். பண்ணை வாசலில் அவரே நின்றார்.

"நேத்துக் கூட்டத்துக்குப் போட்டுட்டு வந்த செருப்புத்தானே இது? வெளியவே உடுங்க. வேற பண்ணைக்கு ஏதும் போனீங்களா?"

"இல்லீங்க."

நான் சொன்னதை நம்பாமல், தொட்டியில் இரண்டு காலும் கணுக்கால் வரை நனைகிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகுதான் மண்வெட்டியைக் கொடுத்தார்.