ஒரு மணிக்குப் பேசுகிறவள்

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குக் காலர்க்காரி என்று பெயர். பதினாறு வருடங்களாகக் காலர் மட்டுமே தைத்தவள். தெருவில் எதிரே வருகிறவனின் முகத்துக்கு முன்னால் அவன் கழுத்தைத்தான் பார்ப்பாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலை செய்த இடத்தில் ஏணி சறுக்கி, தலையின் வலது பக்கம் சுவரில் மோதியது. பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். அங்கே மனைவியை யாரோ போலப் பார்த்ததை மருந்து மயக்கம் என்று விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க யாருங்க?"

"என்ன விளையாட்டு இது?"

"மூஞ்சி அவ மூஞ்சிதான். மூக்குப் பக்கத்துல மச்சம்கூட அப்படியே இருக்கு. ஆனா நீங்க அவ இல்ல." பிறகு, ஒத்தாசைக்கு வந்திருந்த தங்கையின் பக்கம் திரும்பினார். "இவங்களை உனக்குத் தெரியுமாம்மா? உங்க அண்ணி எங்க?"

தங்கையை ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. வருடத்துக்கு இரண்டு முறை வருகிற தங்கை. காலர்க்காரிக்கு வயிறு எரிந்தது. அன்று இரவு தலையணையை எடுக்க, தங்கள் படுக்கையறைக் கதவையே தட்டிவிட்டு உள்ளே வந்தார். "தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கூடத்தில் போய்ப் படுத்துக்கொண்டார்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். "பார்க்கிற முகத்தை மூளை ரெண்டு வழியா அனுப்புதும்மா. ஒரு வழி, இது யார் முகம்னு கண்டுபிடிக்கும். இன்னொரு வழி, நம்ம ஆளுங்கிற நெருக்கத்தைக் கொண்டுவரும். ரெண்டும் ஒண்ணா வந்து சேரும்போதுதான் நமக்கு 'இவதான் அவ'ன்னு தோணும். அவருக்கு ரெண்டாவது வழி அடிபட்டிருக்கு. முகம் தெரியுது, நெருக்கம் வரல. அதனால யாரோ வேஷம் போட்டு வந்திருக்காங்கன்னு மூளையே ஒரு கதை கட்டிக்குது."

"அவர் தங்கச்சியை மட்டும் தெரியுதே டாக்டர்?"

"நெருக்கம் எங்க அதிகமோ, அங்கதான் குறை பெரிசா தெரியும்."

இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

விடுப்பு தீர்ந்து வேலைக்குப் போன முதல் நாள், மதியம் ஒரு மணிக்கு, மாத்திரை போட்டாரா என்று கேட்க வீட்டுக்கு ஃபோன் செய்தாள்.

"ஏய், எங்கடி இருக்க?" அவர் குரல் உடைந்தது. "எத்தனை நாளா உன்னைத் தேடுறேன் தெரியுமா?"

சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு அவள் அழுதாள். காதுக்குப் போகிற வழி கெடவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க ஒருத்தி இருக்கா. உன் துணியையே எடுத்துப் போட்டுக்கிட்டுத் திரியுறா. மரியாதையாத்தான் நடந்துக்கறா. சமையலும் பரவாயில்ல. ஆனா உன் கைப்பக்குவம் வருமா? நீ சீக்கிரம் வா."

மாலையில் தட்டை நீட்டியபோது, "நல்லா இருக்குங்க" என்றார் விருந்தாளியைப் போல. "ஃபோன்ல பேசினது நான்தாங்க" என்று அவள் எதிரே நின்று சொன்னாள். அவர் முகத்தைச் சுளித்தார். "அவ குரலையும் பழகிட்டீங்களா?"

அதன்பின் தினமும் ஒரு மணிக்குப் பேசினார்கள். முதல் வாரம் அவளுக்கு அது விருந்தாக இருந்தது. இரண்டாம் வாரம் கசக்க ஆரம்பித்தது. கல்யாணமான பதினாலு வருடத்தில் பேசாத பேச்செல்லாம் அவர் அந்தக் குரலோடு பேசினார். அவள் சிரிப்பைக் கேட்கத்தான் கல்யாணத்துக்கு முன்னால் அவள் தொழிற்சாலை லிஃப்டை இரண்டு தடவை வேண்டுமென்றே பழுதாக்கிவிட்டு, சரிசெய்கிற சாக்கில் வந்தாராம். இதை ஏன் தன்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை? தினமும் பக்கத்தில் படுத்தவளுக்குக் கிடைக்காதது, ஃபோனில் வருகிறவளுக்கு வாரி வாரிக் கிடைத்தது. வீட்டில் அவர் அழுக்குத் துணியைத் துவைப்பது ஒருத்தி, கொஞ்சல் வாங்குவது இன்னொருத்தி.

"அண்ணி, ரெண்டும் நீங்கதானே?" என்றாள் நாத்தனார்.

"உனக்குப் புரியாது" என்றாள் காலர்க்காரி. அவளுக்கே புரியவில்லை.

ஒருநாள் அவர் சொன்னார்: "உங்கப்பா செத்தன்னிக்கு நான் வேலைக்குப் போயிருக்கக் கூடாது. உன்னைத் தனியா விட்டுட்டேன். மன்னிச்சுக்கோ."

இந்த ஒரு வார்த்தைக்காக அவள் ஒன்பது வருடம் காத்திருந்தாள். கடைசியில் அதுவும் அந்தச் சக்களத்திக்குத்தான் போனது. பட்டென்று ஃபோனை வைத்தாள்.

மறுநாள் பேசவில்லை. அதற்கடுத்த நாளும் பேசவில்லை. அவர் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதாகவும், தட்டில் பாதி மிச்சம் வைப்பதாகவும் நாத்தனார் சொன்னாள். ஏங்கட்டும் என்று நினைத்தாள். அவள் இல்லாமல்தானே ஏங்குகிறார், நான் இல்லாமல் இல்லையே.

ஆறாம் நாள் வேலை முடிந்து பேருந்தில் ஏறியதும் நாத்தனார் கூப்பிட்டாள். "அண்ணனைக் காணோம் அண்ணி. நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள கிளம்பிட்டாரு."

எங்கே போயிருப்பார் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் தொழிற்சாலைக்கே திரும்பி ஓடினாள். வாசலில் அவர் நின்றிருந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். வெளியே வருகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்துப் பார்த்து ஏமாந்துகொண்டிருந்தார். சிலர் முறைத்துவிட்டுப் போனார்கள். அவர் கவனிக்கவில்லை.

எதிரே போனால் வேஷக்காரியாகிவிடுவாள். பின்பக்கமாகப் போய் நின்றாள்.

"திரும்பாதீங்க. நான்தான்."

அவர் தோள் தளர்ந்தது. "அஞ்சாறு நாளா எங்கடி போன?"

"கோவமா இருந்தேன்."

"யார் மேல?"

"உங்ககிட்ட ஃபோன்ல பேசுறாளே, அவ மேல."

"அது நீதானே. பைத்தியமா உனக்கு?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அப்பா விஷயத்துல சொன்னீங்களே, அதை இப்போ சொல்லுங்க. என்கிட்ட."

சாலையைப் பார்த்தபடி அவர் மறுபடியும் சொன்னார். அவள் பின்னாலிருந்து அவர் கையைப் பிடித்தாள். ஊசி ஏறித் தழும்பான அவளது ஆள்காட்டி விரலை அவர் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையை உதறவில்லை. அவர் ஓரடி முன்னால், அவள் ஓரடி பின்னால் என்று வீடு வரைக்கும் நடந்தார்கள்.

மருத்துவரிடம் இதைச் சொன்னபோது, அதையே பயிற்சியாக்கச் சொன்னார். முதலில் குரல், பிறகு கை, கடைசியில் முகம். அடுத்த அறையிலிருந்து பேசிக்கொண்டே வந்து, அவர் கண்ணை மூடியிருக்கும்போது கையைக் கொடுத்து, "இப்போ பாருங்க" என்பாள். பல நாள் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். நாலாம் மாதம் ஒரு காலை, பார்த்தும் இழுக்கவில்லை. ஒரு வருடத்தில் பெரும்பாலும் சரியானது. காய்ச்சலோ களைப்போ வந்தால் மட்டும் ஒரு பொழுது சந்தேகமாகப் பார்ப்பார். அவள் ஏதாவது பேசத் தொடங்கினால் தெளிந்துவிடுவார்.

ஏணி ஏற இனி அனுமதியில்லை. லிஃப்ட் அலுவலகத்தில் புகார்களை ஃபோனில் கேட்டு எழுதுகிற வேலை தருவதாகச் சொன்னார்கள். யார் யாரோ பெண்கள் நாள் முழுக்கப் பேசுவார்கள், இவரும் இனிமையாகப் பதில் சொல்லவேண்டும். காலர்க்காரி அதற்குச் சம்மதிக்க ஒரு மாதம் ஆனது.