இரண்டாவது ஊசி

குணசுந்தரி வளர்த்த பிராணிகளுக்குப் புத்தகத்தில் கினிப்பன்றி என்று பேர். கோலார் தங்க வயலின் கோரமண்டல் லைன் வீடுகளில் அவை சீமை எலிகள். "ஊரே எலியை வெரட்டுது, இந்தம்மா மெத்தை போட்டு வளக்குது" என்று அக்கம்பக்கம் கேலி பேசும். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். கூண்டில் வைக்கோல் மாற்றி, முட்டைக்கோஸ் இலை போட்டு, ஒவ்வொன்றையும் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்ப்பாள்.

பெங்களூரில் மருந்துகளைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்த்த துளசிராமன்தான் முதல் ஜோடியைக் கொடுத்தவர். குட்டிகள் வளர்ந்ததும் ரயிலில் வந்து கூடையில் வாங்கிப் போவார். எதற்கென்று அவள் வெகுநாள் கேட்கவில்லை. புருஷன் போன பிறகு கொழுந்தன் ஏகநாதன் வீட்டில் ஒண்டியிருப்பவளுக்குச் சொந்தமாக ஒரு வருமானம், அதுவே போதும் என்றிருந்தாள். ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"அடிபட்டா போடற ஊசி இருக்கே, குதிரை ரத்தத்துலேர்ந்து எடுக்கறது. முதல் தடவை ஒண்ணும் பண்ணாது. சில பேருக்கு அடுத்த தடவை மூச்சையே அடைச்சிடும். அதனாலதான் மனுஷனுக்குப் போடறதுக்கு முன்னால, எலிக்கு ரெண்டு தடவை போட்டுப் பாக்கறோம்."

குணசுந்தரியின் புருஷன் ராஜப்பா போனது அப்படித்தான்.

பெண் பார்க்க ஆம்பூர் போன தம்பிக்கு வேலை போய்விடக் கூடாதென்று, ஏகநாதனின் நம்பர் பதித்த பித்தளை டோக்கனைக் காட்டி அவனுடைய ஷிப்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவன் ராஜப்பா. அன்றைக்குக் கல் விழுந்து காலைக் கிழித்தது. ஆஸ்பத்திரியில் ஏகநாதன் பேரிலேயே ஊசி போட்டுக்கொண்டு வந்தான். தங்க வயலில் அண்ணன் தம்பிகள் டோக்கன் மாற்றிக்கொள்வது புதிதல்ல, வெளியே தெரிந்தால் இருவருக்கும் சீட்டுக் கிழியும். சில மாதம் கழித்து, தன் ஷிப்டிலேயே கையில் அடி. "இந்த ஊசி முன்ன போட்டிருக்கியா?" என்று கம்பவுண்டர் கேட்டார். ராஜப்பா, சேதி கேட்டு ஓடி வந்து பக்கத்தில் நின்ற பெண்டாட்டியைப் பார்த்தான். "இல்ல சார், இதான் மொதலு" என்றாள் குணசுந்தரி. சற்று நேரத்தில் அவன் முகம் வீங்கியது. மூச்சுக்குத் தவித்தபடி அவள் கையைப் பிடித்தவன், அப்படியே போய்ச் சேர்ந்தான்.

அவன் அவளுக்கு வேண்டும். வருஷங்கள் ஆகியும் வேண்டும். ஷிப்டு முடிந்து சங்கு ஊதினால் இன்றைக்கும் தண்ணீர் காய வைக்க எழுந்து, பிறகு உட்கார்ந்துகொள்வாள். ஏகநாதனும் அவளும் அந்த டோக்கனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் எலிகளுக்குப் புல் அறுத்து வந்து போடுவான், அவ்வளவுதான்.

துளசிராமன் வரும்போதெல்லாம் அவள் கேட்பது ஒன்றே. "போன தபா குடுத்ததுங்க ரெண்டாவது ஊசிக்குப் பொழைச்சுதா சார்?"

அவர் உதட்டைப் பிதுக்குவார். "மருந்தை இன்னும் சுத்தம் பண்ணணும்மா." அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது.

அந்த ஆவணியில் அவர் வாசலிலேயே சிரித்துக்கொண்டு வந்தார். "அத்தனையும் பொழைச்சிடுச்சும்மா! ரெண்டாவது ஊசியையும் போட்டுக்கிட்டு மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டு கோஸ் இலை கேக்குதுங்க. மனுஷங்களுக்குப் போட இன்னும் நாளாகும். ஆனா எலி தாண்டிடுச்சு."

"முன்ன போட்டுக்கினத மறைச்சி, பொய் சொன்னவங்களும் பொழைப்பாங்களா சார்?"

துளசிராமனுக்குக் கேள்வி புரியவில்லை. "மருந்துக்குப் பொய்யி நெஜம் தெரியுமாம்மா? பொழைக்கணும்னுதான் இவ்வளவு பாடும்."

புல்கட்டோடு வாசலில் நின்றிருந்த ஏகநாதன் கட்டைக் கீழே போட்டான். "அண்ணி, அன்னிக்கு என் டோக்கன..." என்றான். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"இன்னாத்துக்கு அழுவற? இல்லன்னு சொன்னது நானு" என்றவள், கொழுத்த குட்டியாகப் பார்த்து எடுத்துக் கூடையில் விட்டாள். அதன் முதுகிலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை.

"அந்த மனுசன் இன்னும் கொஞ்ச வருசம் கழிச்சி அடிபட்டிருக்கக் கூடாதா ஏகா?"