இரண்டு பேருக்கும் ஒரே பயம்

என் வீட்டுக்காரர் பெயிண்டர். எந்த அறைக்குப் பெயிண்ட் அடித்தாலும் முதலில் அதன் கதவைக் கழற்றி வெளியே சாய்த்துவைத்துவிடுவார். கேட்டால், "வாடை போகணும்ல?" என்பார். வாடையாவது மண்ணாவது! பூட்டிய அறை என்றால் மனிதருக்கு உயிரே போய்விடும். எங்கள் குளியலறைக்குக்கூடத் தாழ்ப்பாள் கிடையாது. விருந்தாளி வந்தால் நான்தான் வாசலில் காவல்.

இது அவருடைய சிநேகிதர் குச்சி அண்ணனுக்குத் தெரியாது. குச்சி அண்ணன் தையல்காரர்; ஊதினால் பறந்துவிடுவார். சின்ன வயதில் பையன்களெல்லாம் கூடி, யாருக்கு எதைக் கண்டால் பயம் என்று ஒவ்வொருவராகச் சொல்லியிருக்கிறார்கள். குச்சி அண்ணன் "நாய்" என்றதும் எல்லாரும் குரைத்துக் காட்டிக் கேலி செய்தார்களாம். அடுத்து இவர் முறை. உண்மையைச் சொன்னால் எங்கேயாவது போட்டுப் பூட்டிவிடுவார்களே என்று, "எனக்கும் நாய்தான்" என்றிருக்கிறார். அன்றிலிருந்து குச்சி அண்ணனுக்கு இவர் உடன்பிறப்புக்கும் மேல். தெருவில் நாய் வந்தால் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போவார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். ஆனாலும் வாயைத் திறந்ததில்லை.

போன மாதம் ஒரு வீட்டில் வேலை. நானும் கூடப் போய்ச் சுவர் சுரண்டிக்கொண்டிருந்தேன். குச்சி அண்ணன் சும்மா பேசிவிட்டுப் போக வந்திருந்தார். திறந்துகிடந்த கேட் வழியாகப் பெரிய நாய் ஒன்று பாய்ந்து வந்தது. அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? இன்னும் கதவு கழற்றாத சாமான் அறைக்குள் இவரைத் தள்ளி, வெளியே தாழ் போட்டுவிட்டு, துடைப்பத்தோடு குறுக்கே நின்றுவிட்டார்.

"திறடா! டேய், திற!" உள்ளே இவர் அலறிய அலறல் மனிதக் குரலாகவே இல்லை.

"பயப்படாதடா, நான் இருக்கேன்!" என்று அண்ணன் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே கத்தினார்.

நான் ஒரு வாளித் தண்ணீரை வீசி விரட்டுவதற்குள் நாய் அண்ணன் காலைக் கவ்விவிட்டது. தாழை நீக்கினேன். கதவைப் பிறாண்டிப் பிறாண்டி இவருக்கு நகமெல்லாம் ரத்தம். கால்சட்டையும் நனைந்திருந்தது, சொல்லவே கூசுகிறது.

ஆஸ்பத்திரியில் காலில் கட்டோடு படுத்திருந்த அண்ணன், "அழாத தங்கச்சி. ரெண்டு பேருக்கும் ஒரே பயம். ஒருத்தனாவது தப்பிக்கட்டுமேன்னுதான் உள்ள தள்ளினேன்" என்றார். தெரிந்தும் சும்மா இருந்த என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தலையைத் தூக்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அண்ணன் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப இத்தனை வருஷமா நான் மட்டும்தான் பயந்துக்கிட்டு இருந்தேனாடா?"