ஒண்ணுமில்லக்கா

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. எங்கள் தெருவில் அதைச் சொல்லி விசாரித்தால் விழிப்பார்கள். ‘ஒண்ணுமில்லக்கா வீடு எது?’ என்று கேட்டால் நாலு பேர் கையை நீட்டுவார்கள். நான் எதிர்வீடு. அவள் வீட்டுக் கதவு திறப்பதையும் மூடுவதையும் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் என்பதால், தெருவில் சொல்லும் கதையைவிட நான் சொல்வதில் கொஞ்சம் சரக்கு இருக்கும்.

அவளுக்கு வேலை புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில். டாக்டர் என்றோ நர்ஸ் என்றோ நினைத்துவிட வேண்டாம். வீடு வீடாகப் போய்க் கூப்பிடுகிறவள். நோய் வந்தவர்களை ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும், நாங்கள் நோய் வராதவர்களைப் பார்க்கிறோம் என்பது மையத்தின் பேச்சு. முப்பது வயதிலிருந்து அறுபது வயதுவரை இந்த ஊரில் எத்தனை பெண்கள் உண்டோ அத்தனை பேரையும் கூப்பிட்டு, கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கான அறிகுறி இருக்கிறதா என்று பார்த்து, பிறகு பல வருடம் அவர்களைத் தொடர்ந்து கவனித்து, இப்படிப் பார்ப்பதால் சாவு குறைகிறதா என்று கணக்குப் போடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பெண் சும்மா இருக்கும்போது போய்ப் படுத்து அங்கே காட்டுவாள்? அதற்குத்தான் இவள். செருப்பு தேயத் தேய நடந்தாள். முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தியவர்களிடமும் மறுநாள் சிரித்துக்கொண்டே போய் நின்றாள். ஊரில் மற்ற தெருக்களைவிட இவள் போன தெருக்களிலிருந்துதான் அதிகம் பேர் வந்தார்கள் என்று மையத்தில் மேடை ஏற்றிக் கை தட்டினார்கள்.

பரிசோதனை சின்னதுதான். வினிகரில் நனைத்த பஞ்சை உள்ளே ஒற்றி, விளக்கடித்துப் பார்ப்பார்கள். வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் மேற்கொண்டு சோதனை. நர்ஸ் கையுறையைக் கழற்றாமல் திரைக்குள்ளிருந்தே குரல் கொடுப்பாள். இவள் வெளியே நின்று அதைக் குறித்துக்கொண்டு, சேலையைச் சரிசெய்தபடி வரும் பெண்ணிடம் பதிலைச் சொல்ல வேண்டும். பயிற்சியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்: நீட்டி முழக்கக் கூடாது, பயமுறுத்தக் கூடாது, இரண்டே பதில்தான். ஒன்று, ‘ஒண்ணுமில்ல’. மற்றது, ‘இன்னொரு தடவை பார்த்துடலாம்’. பெரும்பாலானவர்களுக்கு முதல் பதில்தான். சொல்லிச் சொல்லி அதுவே அவள் பெயராகிவிட்டது. அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது. நல்ல செய்தி கொண்டுவருகிறவள் என்றால் சும்மாவா?

அவளுக்குப் பிடிகொடுக்காமல் இருந்தவர் ஒரே ஒருவர், அவளுடைய நாத்தனார். கணவனுக்கு மூத்தவர், தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். தெருக்கோடியில் மகளோடு இருந்தார். படு சுத்தம். துவைத்த துணியை மறுபடி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மடிப்பார். குழாயில் தண்ணீர் சொட்டினால் ராத்திரி தூங்கமாட்டார். பேச்சும் அப்படித்தான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

“எனக்கெல்லாம் எப்பவோ நின்னுபோச்சு. இந்த வயசுல போய்க் காட்டிட்டு வரணுமா? வேற வேலை இல்லையா உனக்கு?”

“அண்ணி, உங்க வயசுக்காரங்களுக்குத்தான் முக்கியமாப் பார்க்கணுமாம்.”

“யாரு சொன்னது, உன் டாக்டரா? முதல்ல அவங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போகச் சொல்லு.”

இப்படியே ஒரு வருடம் இழுத்தது. சொந்த நாத்தனாரையே கூப்பிட முடியவில்லை, ஊரைக் கூப்பிட வந்துவிட்டாள் என்று தெருவில் சிரித்தார்கள். கடைசியில் இவள் அழுதாளோ, தம்பி சொன்னாரோ, ஒரு நாள் அந்த அம்மாள் கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி முகாமுக்கு வந்தார். நானும் அன்று வரிசையில் இருந்தேன். அவர் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் ஆனது. வழக்கத்தைவிடக் கூடுதலாகவே ஆனது. பிறகு திரைக்குள்ளிருந்து நர்ஸ் சொன்னாள்: “ஒண்ணும் தெரியல.”

வெளியே வந்த நாத்தனாரின் கையை இவள் பிடித்துக்கொண்டாள். “ஒண்ணுமில்ல அண்ணி.”

“அதான் நான் அப்பவே சொன்னேனே” என்றார் அவர். ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எல்லோரிடமும் நின்று நின்று சொல்லிக்கொண்டு போனார்.

அடுத்த வருடமே அவருக்கு லேசாக ரத்தம் பட ஆரம்பித்திருக்கிறது. மாதவிலக்கு நின்று இத்தனை வருடம் கழித்து. வேறு யாராவது என்றால் பதறியிருப்பார்கள். இவருக்கென்ன, பரிசோதனை செய்துகொண்டவர். உடம்புச் சூடாயிருக்கும் என்று மோர் குடித்தார். மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள்; துணியில் கறையைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருக்கிறாள். “உங்க அத்தை எல்லாம் பார்த்து ஒண்ணுமில்லன்னுட்டா. சும்மா இரு” என்று அடக்கிவிட்டார். அந்த அம்மாள் வாழ்க்கையில் யாருடைய பேச்சையும் இப்படி நம்பியதில்லை.

இடுப்பு வலி தாங்காமல் போய்ப் பார்த்தபோது கை மீறிப் போயிருந்தது. ஆறேழு மாதம் படுத்தார். இவள் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தாள். துணி மாற்றியது, தூக்கி உட்காரவைத்தது எல்லாம் இவள்தான். நாற்றம் வெளியே தெரியக் கூடாது என்று அந்த அம்மாள் சன்னலைக்கூடத் திறக்கவிடவில்லை. அத்தனை சுத்தக்காரருக்குக் கடைசியில் அப்படி.

போய்ச் சேர்ந்த பிறகு ஒரு நாள் இவள் அந்த நர்ஸிடம் போய்க் கேட்டாள். “சிஸ்டர், அன்னிக்கு எங்க அண்ணிக்கு ஒண்ணுமில்லன்னுதானே சொன்னீங்க?”

நர்ஸ் யோசிக்கவே இல்லையாம். “நான் எங்க அப்படிச் சொன்னேன்? ஒண்ணும் தெரியலன்னு சொன்னேன். நின்னுபோனவங்களுக்கு அந்த இடம் உள்ள போயிடும். விளக்கடிச்சாலும் பார்க்க முடியாது. அவங்களை வேற சோதனைக்கு அனுப்பணும்.”

“அதை என்கிட்ட சொல்லவே இல்லையே.”

“தெரியலன்னா தெரியலதான். வேற எப்படிச் சொல்லுவாங்க?”

விஷயம் இதுதான். நர்ஸுக்குச் சொல்லிக்கொடுத்ததில் மூன்று பதில்கள் இருந்தன. இவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் இரண்டு. மூன்றாவது பதில் திரையைத் தாண்டி வெளியே வரும்போது போய் உட்கார இடம் இல்லாமல் முதல் பதிலின் மடியில் உட்கார்ந்துகொண்டது. தெரியல என்றால் கண்ணுக்கு எதுவும் படவில்லை என்றும் அர்த்தம், பார்க்கவே முடியவில்லை என்றும் அர்த்தம். உள்ளே படுத்திருந்தவர் காதிலும் அது நல்ல சேதியாகத்தான் விழுந்தது. வரிசையில் நின்ற என் காதிலும்தான்.

மையத்துப் பெரிய டாக்டரிடம் போனாள். அவர் நல்ல மனிதர். எனக்கு அதுதான் எரிச்சல், திட்டக்கூட முடியாது. உட்காரச் சொன்னாராம், தண்ணீர் கொடுத்தாராம்.

“எந்தப் பரிசோதனையும் நூத்துக்கு நூறு கிடையாதும்மா. கொஞ்சம் பேர் தப்பத்தான் செய்வாங்க. அதையும் சேர்த்துத்தான் கணக்கு போட்டிருக்கோம்.”

பாருங்கள், நம் வீட்டில் ஒருத்தி தப்பிவிட்டாள் என்றால் பிழைத்துக்கொண்டாள் என்று அர்த்தம். அவர்களிடம் தப்பியவள் என்றால் செத்தவள்.

“சார், பதிலை மூணாக்கிடலாம் சார். பார்க்க முடியலன்னா பார்க்க முடியலன்னே நாங்க சொல்லிடறோம்.”

“சொன்னா பயந்துடுவாங்க. பாதிப் பேர் வரமாட்டாங்க. அவங்க வராம போனா எத்தனை உயிர் போகும்னு யோசிங்க. ஆராய்ச்சி நடுவுல வார்த்தையை மாத்தவும் முடியாது.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த வினிகர்ப் பஞ்சால் பிழைத்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்துத் தெரு தபால்காரரின் மனைவியே ஒருத்தி. அதனால் இவள் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தாள். பொய் என்றால் சண்டை போட்டிருக்கலாம்.

அத்தோடு விட்டார்களா? ஆராய்ச்சியில் சேர்ந்த யார் இறந்தாலும் வீட்டுக்கு வந்து எப்படி இறந்தார், ஏன் தாமதமானது என்று விசாரிப்பார்கள். வேறு பகுதியிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். இவளிடமே பயிற்சி பெற்ற பெண். இவள் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தோம்: நாத்தனாரின் தம்பியான இவள் கணவர், நாத்தனார் மகள், அக்கம்பக்கத்துச் சாட்சியாக நான். இவள் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

“ரத்தம் பட்டதும் ஏன் உடனே ஆஸ்பத்திரிக்கு வரல? தூரமா, பணமா, பயமா, அலட்சியமா?” அந்தப் பெண் தலைகுனிந்தபடி படிவத்தில் இருந்ததை ஒப்பித்தாள். அதற்குமேல் அவளிடமும் பதில்கள் இல்லை.

தம்பி மோட்டார் காயில் கட்டுகிறவர். வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அவர் அடுக்களைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு, “அலட்சியம்தான்” என்றார். “அக்கா எதையும் கண்டுக்கமாட்டாங்க.”

குழாய் சொட்டினால் தூங்காத அக்கா. நான் வாயைத் திறப்பதற்குள் இவள் டம்ளரோடு வெளியே வந்துவிட்டாள்.

“அலட்சியம் இல்ல. நான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன். அதை நம்பித்தான் போகல. அப்படியே எழுது.”

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு நர்ஸ் விஷயம் அதுவரை தெரியாது. இவளே எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றையும் மறைக்காமல். சொல்லி முடித்தபோது டீ ஆடை கட்டியிருந்தது.

வந்திருந்த பெண்ணுக்கு அழுகை முட்டியது. “அக்கா, அதுக்கு இதுல இடமே இல்லக்கா. எழுதினா திருப்பி அனுப்புவாங்க. உங்களைத்தான் முதல்ல விசாரணைக்குக் கூப்பிடுவாங்க.”

தம்பிதான் கையை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டார். தன்னைத் தூக்கி வளர்த்தவர் அலட்சியத்தால் செத்தார் என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். மகள் அதைப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். போகும்போது மாமாவிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, அத்தையிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

இவள் வேலை நிலைத்தது. இன்றைக்கும் தெருத்தெருவாகப் போகிறாள். ‘தெரியல’ என்று திரைக்குள்ளிருந்து கேட்டால் போதும், தானே உள்ளே போய், “இல்லையா, பார்க்க முடியலையா?” என்று கேட்டுவிட்டுத்தான் வெளியே வருகிறாள். வேலை தாமதமாகிறது என்று இரண்டு தடவை திட்டு வாங்கிவிட்டாள்.

நாத்தனார் மகளுக்கு இந்த வருடம் முப்பது. வயது வந்துவிட்டது, கூப்பிட வேண்டும். வாரம் தவறாமல் இவள் தெருக்கோடிவரை போய் அந்தக் கதவைத் தட்டுகிறாள். போன வாரம் மாவு அரைத்து வாங்கிக்கொண்டு நான் அந்தப் பக்கமாக வந்தேன்.

“உன் வயசுக்கு நல்லாப் பார்க்க முடியும்மா. சத்தியமாச் சொல்றேன். நானே உள்ள வந்து கூட நிக்கறேன்” என்று மூடிய கதவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னது அத்தனையும் உண்மை.

“நீங்க போங்க அத்தை” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கோபம்கூட இல்லை அதில்.

இவள் திரும்பி நடந்தாள். மையத்தில் அந்தப் பெண்ணை ‘மறுத்தவர்’ என்று சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். மறுத்தவர்களுக்கும் கணக்கில் இடம் உண்டாம்.