முகத்துக்குக் காவல்

அக்காவின் முகத்தைக் காவல் காக்க இலுப்பூரிலிருந்து அத்தை வந்திறங்கிய அன்றே எனக்குக் கோபம் தொடங்கிவிட்டது. அக்காவுக்குப் பதினாறு வயது. கன்னத்தில் பரு கிளம்பியிருந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டாரும் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவர். அவர் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு கிடையாது.

“பரு தன்னால போயிரும். கிள்ளுனா விழுற கருப்புத்தான் போகாது. கை மூஞ்சிகிட்ட போகப்படாது, வெயிலும் படப்படாது” என்றார்.

வெயில் படக்கூடாதென்றால் அன்னவாசல் பள்ளிக்கூடத்துக்கு நடக்கவும் கூடாது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டீச்சர் டிரெயினிங் போவதாக இருந்த அக்கா, சந்தனத்தைப் பூசிக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்தாள். அப்பாவிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். “அத்தை சொல்றத கேளு” என்று அவர் வயலுக்குப் போய்விட்டார்.

அக்கா செய்த வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. உச்சி வெயிலில் வயலுக்குக் கஞ்சி கொண்டுபோனேன், ஆட்டுக்குக் குழை ஒடித்தேன். நான் கறுத்தால் யாருக்கும் கவலையில்லை. அந்த ஆத்திரத்தில் கஞ்சிக் கலயத்தை வரப்பில் ‘ணங்’கென்று வைத்து அப்பாவிடம் திட்டும் வாங்கினேன்.

ஒருநாள் மத்தியானம் அத்தை கண்ணயர்ந்திருந்தார். மாட்டுக்கொட்டகையில் அக்கா கைக்கண்ணாடியைப் பார்த்து, நகத்தால் பருவைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ரத்தம் வந்திருந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

“கிள்ளுனா கருப்பு விழும்னு அத்தை சொன்னாகல்ல?”

“தெரியும்” என்று கையை உருவிக்கொண்டு அடுத்த பருவுக்குப் போனாள்.

இவளுக்காகவா நான் வெயிலில் வேகிறேன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் கன்னம் முழுக்கக் கருப்பு கருப்பாய்ப் படிந்துவிட்டது. அத்தை கடலைமாவும் கஸ்தூரி மஞ்சளும் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுத்தது.

வந்தவர்களில் மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கண் கூர்மை. “புள்ளைய இங்கிட்டு வெளிச்சத்துக்கு வரச் சொல்லுங்க” என்றார். அக்காவின் மோவாயைப் பிடித்து, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் இப்படியும் அப்படியும் திருப்பினார். அக்கா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றாள்.

“இது போயிருமா?”

“வயசுப் பருதாங்க, போயிரும்” என்று அத்தை குழைந்தார். இத்தனை நாள் போகாது போகாதென்று எங்களை மிரட்டிய அதே வாய்.

என்னால் பொறுக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்கு அம்மை போட்டு முகமெல்லாம் குழி.

“ஒங்க மகன் மூஞ்சியில குழி இருக்கே, அது போயிருமா?” என்று கேட்டுவிட்டேன்.

எங்கள் அம்மா விட்ட அறையில் காது அடைத்துக்கொண்டது. “கலந்து பேசிட்டுச் சொல்லியனுப்புறோம்” என்று எழுந்து போனவர்கள் ஒன்றும் சொல்லியனுப்பவில்லை. அத்தை மூட்டையைக் கட்டினார். “இனிமே அவ வெயில்ல போனா என்ன, நெழல்ல இருந்தா என்ன” என்று அப்பா வெறுத்துப்போய்ச் சொன்னார்.

மறுநாள் காலையிலேயே அக்கா புத்தகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எனக்கு எரிச்சல் தாளவில்லை. மோவாயைப் பிடித்துத் திருப்பியது அவளை. அறை வாங்கியது நான். அவளோ தலைக்கு முந்தானைகூடப் போடாமல் வெயிலில் வீசி நடக்கிறாள். பின்னாலேயே ஓடிக் கேட்டேன்.

“ஒனக்குக் கோவமே வரலையாக்கா?”

“வராம என்ன? அவுக வாரதுக்கு முன்னாலயே வந்துருச்சு” என்று கன்னத்துக் கருப்பைத் தொட்டுக் காட்டினாள்.

அவள் பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அத்தனை நாளும் அவள் யாரிடமும் ஒரு வார்த்தை கத்தியதில்லை. கத்தாமலும் ஒருத்தி கோபப்பட முடியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.